அடுப்பின்மேல் ஆறிய கோழி

ஆலை கேன்டீனில் அவளுக்குக் ‘கடிகாரக்கா’ என்று பெயர். சமைத்த கோழி அடுப்பைவிட்டு இறங்கியதும் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் டப்பாவில் மூடி, நேரம் எழுதிய சீட்டை ஒட்டி ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுவாள். மூன்று நாள் தாண்டினால் குப்பைக்கூடைதான். “வழவழன்னு ஆயிட்டா, புளிச்ச வாடை வந்தா யாருக்கும் தெரியும். வாசனை மாறாமக் கெட்டுப்போறதுதான் ஆளைக் கவுத்துரும்” என்பாள். அந்தக் கறாருக்காகவே போன வாரம் அவளைத் தலைமைச் சமையல்காரி ஆக்கினார்கள்.

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் போனது என்னவோ அவள் கணவருக்குத்தான். லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான நாள்முதல் வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன், சனிக்கிழமை சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் ஒரு பெரிய சட்டி நிறையக் கோழிக்கறி சமைத்துவிட்டார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு வேலை செய்யும் நாலு பேரையும் அழைத்தாயிற்று. அன்றிரவு அவளைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. வாசனை காட்டிக்கொடுத்தும் அவள் ஒன்றும் தெரியாதவள்போல் இருந்துகொண்டாள்.

காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். கறி கமகமத்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பழக்கதோஷம் விடுமா?

“எப்ப உள்ள வச்சீங்க?”

“விடியக்காலைலதான். சூடா வச்சா ஃப்ரிட்ஜு கெட்டுரும்ல? ராத்திரி பூரா மூடி போட்டு அடுப்பு மேலயே ஆற விட்டேன்.”

அவள் சட்டியை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தாள்.

“இத யாரும் சாப்பிடக் கூடாதுங்க.”

“நல்லாத்தான மணக்குது! வேணும்னா இன்னொரு தடவ கொதிக்க வச்சுரலாம்.”

“கொதிச்சாலும் சில விஷம் போகாது.”

“எம்மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க மேல இருக்கு. கோழி மேலதான் இல்ல.”

அவர் முகம் தொங்கிப்போனது. இத்தனை வருஷத்தில் அவர் கையால் கிடைத்த முதல் சமையலை அவளே குப்பையில் கொட்டினாள். கொட்டும்போது அழுதாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கொட்டுறதும் நீயே, அழுறதும் நீயேவா?” என்று பையை எடுத்துக்கொண்டு வேறு கோழி வாங்கக் கடைக்கு ஓடினார்.

வந்த நாலு பேரும் விஷயத்தைக் கேட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தார்கள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவரை அடுப்படியில் விரட்டி வேலை வாங்கினார்கள். மூன்று மணிக்குத்தான் புதுக் கறி இலைக்கு வந்தது.

உப்புக் கரித்து வாயில் வைக்க முடியவில்லை. நாலு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கேன்டீனில் ஒரு கல் உப்பு கூடினாலும் ஊரைக் கூட்டுகிறவள்.

“பிரமாதம். இன்னும் ரெண்டு துண்டு போடுங்க” என்றாள்.

சாப்பாட்டு விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது.