இரண்டு நூல் கூட

அண்ணன் அளப்பான், மரக்கடையில் சித்தப்பா அறுப்பார், இழைத்துப் பொருத்துவது அவள் பாடு. அந்த இருவருக்கும் நடுவில் பலகை தூக்கித் தூக்கித்தான் அவள் தச்சு வேலையே பழகினாள்.

அண்ணன் எந்த அளவையும், குறைந்துவிடுமோ என்று, இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், கூட்டித்தான் சொல்வான். சித்தப்பா அவனை நம்பாமல் தன் பங்குக்கு இரண்டு நூல் கூட்டி அறுப்பார். இருவரின் பயத்தையும் இழைத்துத் தள்ளுவதற்கென்றே அவள் தோள்பட்டை தேய்ந்துகொண்டிருந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வாரம் தலைவாரக்கூட அவளுக்குக் கை எழவில்லை. இருவருமே அதைப் பார்த்துவிட்டார்கள்.

இன்று புதுக் கதவை நிலையில் நிறுத்தினால், ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து.

"சித்தப்பா எப்படியும் கூட்டுவாரே, உன் கை பாவம்னு நான் ரெண்டு நூல் குறைச்சுச் சொன்னேன்" என்றான் அண்ணன்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "நீ கூட்டித்தான் சொல்லியிருப்பேன்னு நானும் குறைச்சு அறுத்துட்டேன்டா."

கத்த அவளுக்குத் தெம்பில்லை. இனி ஓரத்தில் பட்டை ஒட்ட வேண்டும், காய விட வேண்டும், அதையும் இழைக்க வேண்டும். இழைப்புளியைக் கையில் எடுத்தாள்.

"அடுத்த கதவுக்கு ரெண்டு பேரும் வழக்கம்போலக் கூட்டியே வையுங்க. நீங்க இரக்கப்பட்டா எனக்குக் கட்டுப்படியாகாது."