தங்காக்கில் கை நனைத்த நாள்

காலை ஆறு பத்துக்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் இறங்கும். முதலில் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு சின்ன அருவி, அப்புறம் தொட்டி நிரம்புகிற நீண்ட முனகல். ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் ஊரில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றே ஒன்று. மேல்மாடியில் நான் மட்டும் புழங்குகிற குளியலறையும் சீன ஆன்ட்டியின் குளியலறையும் அந்த ஒற்றைச் சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்திருக்கின்றன. மழையானாலும் சீனப் புத்தாண்டானாலும் அவருக்கு ஆறு பத்துதான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் பொறாமைப்பட்ட ஒரு வருடம் உண்டு. இன்றைக்கும் அது காதில் விழுந்தால் தங்காக் ஊர் கண்முன் வந்துவிடுகிறது. ஆட்டுக்கறிப் பிரட்டலின் மணம், சோபாவில் விரித்திருந்த வெள்ளை லேஸ் துணி, தலைக்கு மேல் திணறிச் சுற்றிய மின்விசிறி, என் இடது கை.

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். விட்டது தொல்லை என்று இருந்தேன். போனது தனியாகப் போகவில்லை, காலை நேரத்து ஒழுங்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. மூன்று நாள், நான்கு நாள், ஒரு முறை ஆறு நாள். நடுநடுவே காரணமே இல்லாமல் மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பும், கழுத்தைத் தாண்டி நெற்றியில் வேர்வையாகக் கொட்டும், நான்கைந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல அடங்கிவிடும். கிளினிக்கில் இளம் டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், "இந்த வயசுல ஹார்மோன் கொறையும் ஆன்ட்டி, குடலும் கொஞ்சம் மெதுவாயிடும். தண்ணி குடிங்க, நடங்க, காய்கறி சாப்பிடுங்க" என்று சொல்லி ஒரு சிரப்பும் கொடுத்தார். அந்தச் சிரப்புக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் இருந்தது. அதை அது எனக்குக் காட்டியதே இல்லை. வெளியே போகிற நாளில் அதைத் தொடவே பயம்.

நான் கவிதை எழுதுகிறவள். பாதிக் கோப்பை காப்பியில் எழுந்து ஒரு வரி எழுதி, மீதிக் கோப்பைக்கு உட்காராமல் துணி காயப்போடப் போய்விடுகிறவள். வரிகள் நினைத்த நேரத்தில் இறங்கின. அது மட்டும் இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மகன் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். இரண்டு பேருக்கும் சிங்கப்பூரில் வேலை. ஜொகூர் பாலத்துக் குடிநுழைவு வரிசையில் தினமும் நின்று நின்று பழக்கமாம். பெண் வீடு தங்காக். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், அம்மா துணிக்கடையில் நிற்கிறார். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். நாங்கள் யாழ்ப்பாண வழி, மூன்று தலைமுறையாக அரசாங்க மேசை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று மனசுக்குள் பட்டியல் வைத்திருந்தவர்கள். அந்தப் பட்டியலைப் பெண் வீட்டுப் பக்கத்தவர்கள் மறக்கவில்லை. நாங்கள்தான் மறந்ததாக நடித்துக்கொண்டிருந்தோம்.

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. சம்பந்தம் பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் தண்ணீரைக்கூட உதட்டோடு நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார்கள். வாயால் சொல்லத் தேவையே இல்லை.

முதல் முறை உறுதி பேசப் போன அன்று எனக்கு நான்காவது நாள். இலையில் சோறு மலைபோல விழுந்தது. பார்த்ததுமே வயிறு கதவைச் சாத்திக்கொண்டது. பெண்ணின் அம்மா கரண்டியோடு நின்றார். கடையில் வாடிக்கையாளர்களைக் கூப்பிடுகிற பழக்கத்தில் என்னையும், "கொஞ்சம் சாப்பிடுங்க மேடம்" என்றார்.

"வயிறு சரியில்லைங்க" என்றேன்.

ஊரெல்லாம் பொய்யாகச் சொல்கிற வாக்கியத்தை நான் ஒருத்தி மெய்யாகச் சொன்னேன். யார் நம்புவார்கள்? அந்த அம்மா இலையை மடித்தபோது அவர் முகமும் சேர்ந்து மடிந்தது.

இரண்டு நாள் கழித்து மகன் போனில் வெடித்தான். "ம்மா, ஒரு வாய் சோறு. அதக்கூட திங்க முடியலயா?"

"பசி இல்லடா."

"காலைல நாலு மணிக்கு எழுந்து சமச்சிருக்காங்க லா! நம்ம கையால சாப்பிட மாட்டாங்களான்னு கேட்டு அழுதாங்களாம். அடுத்த தடவையும் இப்படின்னா, பேச்ச இதோட விட்டுடலாம்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு."

மேடையேறிப் பெண்ணுடல் பற்றி வாய் கிழியக் கவிதை வாசித்தவள் நான். சொந்த மகனிடம் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. "சரி, அடுத்த தடவ சாப்பிடுறேன்" என்று போனை வைத்தேன். மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலையில் வாசல் கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீன ஆன்ட்டி கூப்பிட்டார். அறுபத்தெட்டு வயது. தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் என் மகனைவிட நன்றாகவே பேசுவார்.

"ஏம்மா, ஒரு வாரமா காலைல ஒன் பக்கம் தண்ணி சத்தமே இல்ல. ஊருக்குப் போய்ட்டியா?"

"இங்கதான் இருக்கேன் ஆன்ட்டி."

"அப்ப ப்ளஷ் கெட்டுப் போச்சா?"

"ப்ளஷ் நல்லாத்தான் இருக்கு. சின்னதுக்கு வாளித் தண்ணியே போதும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ... ஆளுதான் கெட்டுப் போச்சு. கேட்ட தெற, வரேன்."

சமையலறை மேசையில் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சீன அமுக்கு வைத்தியப் பாடம் நடத்தினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், சதை மேடாக இருக்கிற இடம். பிறகு புறங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நான்கு விரல் மேலே, இரண்டு எலும்புக்கு நடுவில் ஒரு பள்ளம். பிறகு முட்டிக்கு நான்கு விரல் கீழே, வெளிப்பக்கம். லேசாக விண்ணென்று வலிக்கிற வரைக்கும் அமுக்க வேண்டும், மூச்சை விட வேண்டும், அறுபது எண்ண வேண்டும்.

"மொத எடத்த வயித்துப் புள்ளக்காரி அமுக்கக் கூடாது" என்றார்.

"நமக்கு அந்தப் பயம் இல்ல ஆன்ட்டி."

"அதான! வயசான ஒடம்புக்கு ஒரு லாபமாச்சும் வேணாமா?"

இருபது வரைக்கும் தமிழில் எண்ணினார், அதற்கு மேல் தன் ஹொக்கியன் சீனத்துக்குத் தாவினார். முப்பதுக்கு வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன். அடுப்பில் பால்.

"ஒக்காரு! அறுபது எண்ண ஒனக்குப் பொறுமை இல்ல. ஒன் வயிறு மட்டும் எப்படி ஒன் பேச்சக் கேக்கும்?"

பாலை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த மூன்று வாரமும் விடியலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அமுக்கினேன். அறுபது எண்ணுவது எவ்வளவு நீளம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நாற்பதில் மைனா சத்தம், ஐம்பதில் எதிர்வீட்டு ரொட்டிக்கார மோட்டார் சைக்கிள். தண்ணீரும் குடித்தேன், பப்பாளியும் தின்றேன், ஆகவே எது வேலை செய்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நடுவில் நேரங்கெட்ட நேரத்தில் ஓரிரு முறை வந்தது போக, ஒன்பதாம் நாள் விடியலில், ஆறு இருபதுக்கு, என் பக்கத்திலும் அருவி இறங்கியது. உடனே சுவருக்கு அப்பாலிருந்து டக், டக் என்று இரண்டு தட்டு. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த கைதட்டல்களிலேயே நேர்மையானது அதுதான்.

பிறகு தங்காக் போகிற நாள் நெருங்க நெருங்க, பயத்திலேயே மறுபடி அடைத்துக்கொண்டது. புறப்படுகிற அன்று ஐந்தாவது நாள். கார் நகரும்போது ஆன்ட்டி வேலிமேல் எட்டிச் சொன்னார்: "அங்க போயி முந்தானைக்குள்ள கைய வச்சு அமுக்கு! யாருக்குத் தெரியப் போவுது?"

"என்ன அமுக்கணுமாம்?" என்றார் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்.

"ரோட்டப் பாருங்க."

மூவார் வழியாக ஒன்றரை மணி நேரம். பின் சீட்டில் மகன் போனில் மணியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

தங்காக்கில் எங்களை லேஸ் துணி விரித்த சோபாவில் உட்கார வைத்தார்கள். சமையலறையிலிருந்து பிரட்டல் மணம் வந்தது, கூடவே பெண்ணின் அம்மாவும் வந்து கதவோரம் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். இன்னும் பத்து நிமிடத்தில் இலை போடுவார்கள். நான் முந்தானையை இடது கைமேல் இழுத்துவிட்டு, உள்ளே வலது கட்டை விரலால் நான்கு விரல் மேலே இருக்கிற பள்ளத்தைப் பிடித்தேன். கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. விண்ணென்று வலித்தது. நல்லது. இருபத்தைந்து. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன சூடு மார்பிலிருந்து கிளம்பியது. கழுத்து நனைந்தது, நெற்றியில் வேர்வை கொட்டியது. நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்தாறு, முப்பத்தேழு.

"அலமாக்! மேடத்துக்கு நெஞ்சு வலி!" என்று அலறினார் பெண்ணின் அம்மா.

கண்ணைத் திறந்தால் வீடே என்மேல் கவிழ்ந்திருந்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டு வேர்த்து ஊற்றுகிற ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? பெண்ணின் அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பள்ளிக்கூட வேன் பின்பக்கமாக வந்து பூந்தொட்டி ஒன்றை இடித்து வாசலில் நின்றது. மகன் ஒரு தோளைப் பிடித்தான், அவன் விரும்பிய பெண் இன்னொரு தோளை. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் நில அலுவலகத்தில் எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தவர். அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

"ஒண்ணும் இல்ல, விடுங்க" என்றேன்.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் ஆன்ட்டி சொல்வாங்க" என்றாள் பெண். "பேசாதீங்க, மூச்ச மெதுவா விடுங்க."

வேனின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வேனில் ஏறினால் ஆஸ்பத்திரி, வயர், படுக்கை. இரண்டாம் முறையும் இந்த வீட்டில் கை நனைக்காமல் போகிறேன். அதற்கப்புறம் மகனின் கல்யாணப் பேச்சு அவ்வளவுதான்.

எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டுமென்று முழுத் தொண்டையில் கத்தினேன்:

"நெஞ்சு இல்ல! வயிறு! அஞ்சு நாளா வெளிக்குப் போகல!"

சரியாக அந்த நொடியில் எஞ்சின் நின்றது.

மின்விசிறி மட்டும் சுற்றியது. மகன் என் தோளிலிருந்து கையை எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தலையில் வைத்துக்கொண்டான். பெண்ணின் அம்மா மெதுவாக என் எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கும் இதான் காரணமா?"

"அன்னிக்கு நாலாவது நாளு."

"நெசமாவா?"

"சத்தியமா. ஒங்க சமையல மோந்து பாத்துட்டு மட்டும் போனேன். வழியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுப் போனேன்."

"மூணு வாரமா எனக்கு நல்லாத் தூக்கம் இல்ல தெரியுமா? எங்கள மட்டமா நெனக்கிறீங்கன்னு... அட கடவுளே!" நெற்றியில் அறைந்துகொண்டார். அந்த அறையோடு சேர்ந்து சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. "என்னமோ படிச்சவங்க, கவிதையெல்லாம் எழுதுறவங்கன்னு பயந்துட்டு இருந்தேன். வாங்க உள்ள."

படுக்கையறைக் கதவைச் சாத்தினார். அலமாரி மேலிருந்து ஒரு மரக்கோலை எடுத்தார். துணி அளக்கிற மீட்டர் கோல், முனை தேய்ந்து உருண்டிருந்தது.

"கடையில பத்து மணி நேரம் நிக்கிறேன். டாய்லெட்டுக்குப் போனா மொதலாளி மொறைப்பாரு. அடக்கி அடக்கி, அம்பதுக்கு மேல எனக்கும் இதே கததான். மொதலாளி பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாங்க, முட்டிக்குக் கீழ நாலு விரல். குனிய முடியாதில்ல, கஸ்டமருக்குத் துணிய விரிச்சுக் காட்டிக்கிட்டே கோலால ஒரு அமுக்கு அமுக்கிக்குவேன். கால நீட்டுங்க."

நீட்டினேன். கோலின் முனையை வைத்து அமுக்கினார். விண்ணென்றது. நான் "ஆ" என்றேன். கதவு திறந்தது. என் மகன்.

அவன் பார்த்தது: பெண்ணின் அம்மா கையில் கோல், கீழே அவன் அம்மா.

"சாத்துடா கதவ!" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. அவர் வெந்நீர் கொடுத்தார், இன்னொரு காலையும் அமுக்கினார். அறுபது எண்ணி முடிப்பதற்குள் நான் எழுந்தேன். இந்த முறை அவசரத்துக்குக் காரணம் இருந்தது.

அந்த வீட்டுக் கழிவறை சமையலறையை ஒட்டி இருந்தது. நான் உள்ளே போனதும் கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தம் கூடியது. அதற்கும் மேலே என் வீட்டுக்காரரும் பெண்ணின் அப்பாவும் மழையைப் பற்றிக் கத்திப் பேசினார்கள். கோலா, வெந்நீரா, சிரிப்பா, இல்லை ஒளித்து வைத்திருந்ததைக் கத்தித் தீர்த்ததா, தெரியாது. தண்ணீர் இறங்கியபோது சமையலறையில் யாரோ கரண்டியால் பாத்திரத்தில் டங், டங் என்று இரண்டு முறை தட்டினார்கள். தற்செயலாகக்கூட இருக்கலாம்.

வெளியே வந்தபோது இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மூன்று முறை சோறு வாங்கினேன். பிரட்டலை விரலிடுக்கு வரைக்கும் வழித்துத் தின்றேன். இரண்டாம் முறை பாயசம் கேட்டபோது என் வீட்டுக்காரர் காலால் என் காலை மிதித்தார். பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "விடுங்க சார், எடம் காலியா இருக்கு" என்றார். எதிர் இலையில் என் மகன் தலை நிமிராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. உடைந்த பூந்தொட்டியை ஓரமாகக் கூட்டி வைத்திருந்தார்கள். மிச்சப் பிரட்டலை ஒரு டப்பாவில் போட்டு என் மடியில் வைத்த பெண்ணின் அம்மா, கார் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

"அடுத்த தடவ வரப்ப வீட்டுலயே முடிச்சிட்டு வரணும்னு தவிக்காதீங்க சம்பந்தி. இங்கயும் தண்ணி நல்லாத்தான் வருது."