எலுமிச்சைப் படம் போட்ட போத்தல்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அடுக்குமாடி வீட்டின் ஒப்பந்தத்தில் 'லைட் குக்கிங் ஒன்லி' என்று ஒரு வரி இருந்தது. அதாவது, மீ நூடுல்ஸ் வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம். தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. எனக்கு அது பெரிய விஷயமில்லை. கீழே இறங்கினால் பத்துக் கடை. என்னோடு தங்கியிருந்த தோழிக்குத்தான் கஷ்டம். போர்ட் கிள்ளானில் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலை, நேரங்கெட்ட கடைச் சாப்பாடு, கடைசியில் அல்சர். வீட்டு ரசமும் சோறும் சாப்பிட்டால் மட்டும் அவள் வயிறு அடங்கும்.

அவளுக்காக நான் வீட்டுக்கார ஆன்டியிடம் பேசி மூன்று மாதத்துக்கு அனுமதி வாங்கினேன். கெடு முடியும் ஞாயிற்றுக்கிழமை அவரே பங்சாரிலிருந்து வந்து சமையலறையைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் பழைய வரி பழையபடி.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போனதும் சமையலறையை முதன்முறையாக ஆன்டியின் கண்ணோடு பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸில் பிசுபிசுவென்று எண்ணெய். மேலே புகையை இழுக்கும் ஹூட்டின் அலுமினிய வலையில் தேன் நிறத்தில் பிசின். குழாயடியில் வெள்ளையாக உப்புப் படிவு. இதெல்லாம் போகட்டும். வெள்ளை மேடையின் நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள் கறை. என்றைக்கோ சாம்பார் கொட்டியது. துடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

எனக்கு உற்சாகம்தான் வந்தது, பயமில்லை. நான் அறிவியல் படித்தவள். அழுக்குக்கு ஒரு குணம், மருந்துக்கு ஒரு குணம், பொருத்தினால் முடிந்தது. கீழே மளிகைக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, கிச்சன் க்ளீன் பண்ண எது நல்லது?"

"எல்லாமே நல்லதுதாம்மா. என்ன அழுக்கு?"

"எல்லா அழுக்கும்."

"அப்ப எல்லாத்தையும் வாங்கிக்க லா."

அலமாரியில் பச்சை, மஞ்சள், நீலம் என்று வரிசையாக நின்றன. மலாய், ஆங்கிலம், சீனம் என்று மூன்று மொழியிலும் ஒவ்வொன்றும் தன்னால் முடியாதது எதுவுமில்லை என்றது. பாதிக்கு மேல் எலுமிச்சைப் படம். எலுமிச்சை என்றால் அமிலம். அமிலம் உப்பைக் கரைக்கும், கறையை எடுக்கும். அப்படியானால் எண்ணெய்க்கு எது? எண்ணெய் நீக்கி என்று எழுதியதிலும் எலுமிச்சைதான். குழம்பிப்போய் எலுமிச்சை போட்ட மூன்று போத்தலும், படமே இல்லாத வெளுப்பான் ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எண்ணெய் நீக்கி டைல்ஸில் அற்புதம் செய்தது. அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, துடைத்தால் பிசின் தண்ணீராக ஓடியது. அந்த வெற்றி என்னைக் கெடுத்தது. ஹூட் வலையைக் கழற்றித் தொட்டியில் அதே மருந்தில் ஊறப் போட்டேன். மேடையில் இருந்த மஞ்சள் கறைமேல் அதையே தாராளமாக அடித்தேன்.

கறை சிவந்தது.

கண்ணெதிரே, வெற்றிலைச் சாறு மாதிரி. தேய்த்தேன். இன்னும் சிவந்தது. மருந்து போதவில்லை என்று நினைத்து மறுபடி அடித்தேன். அந்த நேரம் பார்த்து தோழி அரை நாள் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றாள்.

"கையை வெட்டிக்கிட்டியா?"

"இல்லடி. மஞ்சள்."

"மஞ்சள் ஏன் செவப்பா இருக்கு?"

அந்தக் கேள்வியில்தான் பள்ளி ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்தது. மஞ்சள் தடவிய தாள். காரம் பட்டால் சிவக்கும். அப்படியென்றால் இந்த எலுமிச்சைப் போத்தலில் இருப்பது அமிலமில்லை, காரம். எலுமிச்சை வெறும் வாசனை. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பாடத்தை மேடைமேலேயே செய்து பார்த்துவிட்டு, எனக்கே தெரியாமல் நின்றிருக்கிறேன்.

குளிர்பெட்டியிலிருந்து நிஜ எலுமிச்சையை எடுத்துப் பிழிந்தேன். சிவப்பு மஞ்சளானது. எங்கே தொடங்கினேனோ அங்கேயே வந்து நின்றேன். இனி வெளுப்பான்தான் என்று மூடியைத் திறக்கப் போனால், அமிலத்தோடு கலக்காதே, நச்சு வாயு வரும் என்று போத்தலின் பின்னால் சின்ன எழுத்தில் இருந்தது. மேடை முழுக்க எலுமிச்சைச் சாறு. கழுவினால் போதுமா, எத்தனை முறை கழுவ வேண்டும்? தெரியவில்லை. மூடியைத் திருகி வைத்தேன்.

"ஒண்ணும் பண்ணாத, ப்ளீஸ்" என்றாள் தோழி. தொட்டியில் வலையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளியாக இருந்த அலுமினியம் கரிச்சட்டி மாதிரி கறுத்திருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வலியாலா, என்னாலா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மேடையைக் கழுவித் துடைத்து, ரைஸ் குக்கரைக் கறைமேல் தள்ளி வைத்தேன். பாதிதான் மறைந்தது. மிச்சப் பாதியில் பிற்பகல் வெயில் நேராக விழுந்தது. மறுநாள் காலை பார்த்தால் அந்தப் பாதி ஏறக்குறைய வெள்ளை. மருந்தா, எலுமிச்சையா, வெயிலா? குக்கரை நகர்த்திப் பார்ப்பதற்குள் ஆன்டி மணியடித்துவிட்டார்.

உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. எதை மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல ஆன்டி" என்றேன்.

அவர் நேராகப் போய் குக்கரைத் தூக்கினார். கோடு போட்டுப் பிரித்ததுபோல் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. பிறகு ஹூட்டில் மாட்டியிருந்த கறுத்த வலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு டைல்ஸில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார்.

தோழி என்னைப் பார்க்காமல் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். மஞ்சள் சிவந்தது உட்பட.

"சமைச்சது யாரு?"

"நான்தான் ஆன்டி."

"கழுவுனது?"

அவள் என்னைக் காட்டினாள். ஆன்டி மேடையில் விரலால் தட்டினார்.

"மஞ்சள் எல்லா வீட்லயும்தான் ஒட்டும். செவுத்துல எண்ணெ இல்ல. இங்க கெட்டுப்போனது சமைச்சதுல இல்ல, கழுவுனதுல." கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டுத் தோழியிடம் திரும்பினார். "நீ தாளி, பொரி, என்ன வேணாலும் செய். புது வலை வாங்கி மாட்டிடுங்க. இந்தப் பொண்ணு மட்டும் கிச்சன்ல ஒரு போத்தலையும் தொடக் கூடாது."

அன்று மதியம் வீடு முழுக்கக் கடுகும் பெருங்காயமும் மணத்தன. ரசம் கொதிக்கும்போது நான் வாசலிலேயே நின்றுகொண்டு, கறையின் வெளுத்த பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கரை அங்கிருந்து நகர்த்தச் சொன்னேன். மிச்சத்தில் வெயில் படட்டும். வெயிலா இல்லையா என்றாவது தெரியட்டும்.

"ஆன்டி என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள், நான் உள்ளே வராதபடி கரண்டியைக் குறுக்கே நீட்டி.