தகட்டில் ஒரு ஓட்டை

எங்கள் ஏரியைச் சுற்றியுள்ள நாற்பது வீட்டுப் புகைபோக்கிகளையும் துடைக்கிறவள் ஆவ்னே. என்னோடு பள்ளியில் படித்தவள். அப்போதே அவளைக் கண்டால் எனக்கு ஆகாது. எது சொன்னாலும் சரியாகவே இருக்கும்.

போன அக்டோபரில், வீட்டைச் சூடாக்கும் எங்கள் செங்கல் அடுப்பின் புகைபோக்கியைத் துடைக்க வந்தாள். புகை போகும் வழியை அடைக்கிற இரும்புத் தகட்டை உருவிப் பார்த்தவள், அதில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டாள்.

“ஏய், என்ன பண்ற? சூடெல்லாம் அது வழியா போயிடுமே!”

“போகட்டும். நீ போய்ச் சேராம இருந்தாச் சரி. தணல் மேல நீலமா சுடர் ஆடிட்டு இருந்தா தகட்ட மூடக் கூடாது. அது விஷக்காத்து, வாசனையே வராது. நீதான் அவசரக்குடுக்கையாச்சே, ஊர்ஹோ.”

விறகை வெட்டுவது நான், பிளப்பது நான், அடுக்குவது நான். ஓட்டை மட்டும் அவள் போடுவாளாம்! எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தலை மறைந்ததும் பெரிய மரையாணி ஒன்றைத் திருகி அதை அடைத்தேன். என் மனைவி லெம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பத்திரண்டுக்கு இறங்கியது. ஒருநாள் காலை, பிர்ச் மர விறகு தணலானதுமே, நீலச்சுடர் ஆடிக்கொண்டிருக்கும்போதே தகட்டைத் தள்ளி மூடினேன். சூடு வீட்டுக்குள் நிற்கட்டுமே என்ற ஆசைதான். கொஞ்ச நேரத்தில் லெம்பி தலைவலி என்று படுத்துவிட்டாள். எனக்கும் கால் துவண்டது. வயதாகிறது என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது கன்னத்தில் விழுந்த அறை. வாசல் பனியில் கிடந்தேன். பக்கத்தில் கம்பளிக்குள் லெம்பி இருமிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டிருந்தாள் ஆவ்னே, கரி படிந்த அந்த ஒல்லி மனுஷி.

“இந்நேரம் உன் கூரையில புகை இருக்கணும், ஆனா புகையே இல்ல. கதவத் தட்டினா பதிலும் இல்ல. அறிவிருக்காடா உனக்கு?”

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். லெம்பி பிழைத்தாள். எனக்கு அது போதும்.

வீடு திரும்பியதும் ஆவ்னே வந்தாள். கழற்றிய மரையாணியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். லெம்பி காதில் விழ ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது. அன்று சாயங்காலம் நானே லெம்பியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பாதை எங்கள் வீட்டோடு முடிகிறது, அதற்கப்பால் ஏரிதான். ஆவ்னேயின் வீடும் அன்றைய வேலையும் எதிர்க்கரையில். அடுத்த முறை பார்த்தபோது கேட்டேன்.

“அன்னைக்கு நீ எதுக்கு இந்தப் பக்கம் வந்த?”

அவள் தூரிகையை உதறினாள்.

“அன்னைக்கா? அக்டோபர்லேர்ந்து தினமும் காலைல வர்றேன். ஓட்டை போட்டப்போ உன் மூஞ்சியப் பாத்தேன்ல?”