உட்கார்ந்தால் ஏறும், எழுந்தால் இறங்கும்

பிரஷர் பார்க்கிற வேலையில் நாங்கள் மிஷினைப் பார்க்கிறோம், கையை நீட்டியவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். முகம் லேசாகச் சுருங்கினால் போதும், அடுத்த தடவை அளவு இன்னும் பத்து கூடிவிடும். நான் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரி, கோட்டாறில் பஸ் இறங்கிச் சற்று நடந்தால் வரும் ஒரு சந்தைக்கு எதிரே. பேர் வேண்டாம். நீங்களும் என்னைப்போல ஒருத்தியிடம் கையை நீட்டிக்கொண்டு "எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டவர்கள்தானே, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

போனும் பட்டையும்

கல்ஃபிலிருந்து லீவில் வந்த ஒருவருக்குக் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்காதீங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் அவருடைய அண்ணன். மதில் சுவர் யார் எல்லைக்குள் வரவேண்டும் என்று பேச்சு. மிஷின் நூற்றி எழுபது காட்டியது. போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்து, ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்தேன். மறுபடி பார்த்தால் நூற்றி முப்பது.

கோபமோ பயமோ வந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், ரத்தக்குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு தயாராகிறது, மனசு அடங்கினால் அதுவும் இறங்கிவிடும் என்று விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழுந்து போகும்போது அவர் சொன்னது: "அப்பம் மாத்திரை எனக்கு வேண்டாம் சிஸ்டரே, எங்க அண்ணனுக்கு எழுதிக் குடுங்க."

தவறாத மாத்திரை

மேரி தங்கம் அக்கா கடற்கரை ஊர்க்காரி. விடியற்காலை பஸ்ஸில் சாளை மீனும் நெத்தலியும் கொண்டுவந்து எதிர்ச் சந்தையில் விற்பவர். மீன் நிறைந்த அலுமினியப் பாத்திரத்தை, அவர்கள் சொல்லும் சருவத்தை, தலையில் வைத்தால் கை வைத்துப் பிடிக்காமல் நடப்பார். எங்களிடம் வருகிற பாதிப் பேர் டாக்டரைப் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நல்ல பேர் வாங்கிப் போவார்கள். இந்த அக்கா அப்படி இல்லை. காலையில் பால் விடாத கட்டஞ்சாயாவோடு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

காரணம் உண்டு. அவருடைய அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்தி, பக்கவாதம் வந்து, சாகிறவரைக்கும் பாயில் கிடந்தவர். உப்பைக் குறைக்கணும், கருவாடு தொடவே கூடாது என்று நான் ஒருநாள் கறாராகச் சொன்னதற்கு அக்கா சொன்ன பதில்: "கருவாட்டை விடச் சொன்னா விட்டுருவேன். மாத்திரையை மட்டும் விடச் சொல்லாதிய சிஸ்டரே. எங்கம்மெ கெடந்த கெடப்பு எனக்கு வரப்பிடாது."

நாற்காலியில் மயக்கம்

ஒரு நாள் முற்பகல் சந்தையில் ஒரே சத்தம். குத்தவைத்து மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா, சருவத்தோடு விருட்டென்று எழுந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். நான் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்தால், நாலு பேர் அவரைத் தூக்கி நாற்காலியில் நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் அக்கா கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார், இன்னொருவர் வாயில் சோடா ஊற்றப் போகிறார். தலை தொங்கிக் கிடக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் சோடாவைத் தட்டிவிட்டேன். தலைக்கு ரத்தம் எட்டவில்லை என்றுதான் உடம்பே கீழே விழுந்து தன்னைச் சரிசெய்யப் பார்க்கிறது, இவர்கள் அதை மறுபடி நிமிர்த்தி வைக்கிறார்கள். தரையில் கிடத்தி, இரண்டு காலையும் மீன்பெட்டி மேல் தூக்கி வைத்தேன். சீக்கிரமே கண் திறந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை: "விழுந்த ஆளைத் தூக்கி விடுவாங்க, நீங்க பிடிச்சுப் படுக்கப் போடுதீங்க. எங்க சிஸ்டர் படிச்சீங்க?"

நடுவில் நிற்பது

மாத்திரை கூடிப்போச்சு என்று டாக்டர் பாதியாக்கினார். அடுத்த வாரம் உட்கார்ந்த நிலையில் நூற்றி எண்பது. அக்காவுக்கு அம்மாவின் ஞாபகம் வந்து முகம் வெளுத்துவிட்டது. பழைய அளவுக்கே போனோம். மறுபடி எழுந்திருக்கும்போது கண் இருட்டியது. மகள் கூடவே வந்து, இனி சந்தைப் பக்கமே போகக்கூடாது, வீட்டில் இருக்கட்டும் என்று சண்டை. அந்தச் சருவத்தில்தான் அந்த வீடே ஓடுகிறது என்பது மகளுக்கும் தெரியும், பயத்தில் பேசினாள்.

அக்கா அழவில்லை. என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உக்காந்தா கூடுதல், எந்திச்சா குறைவு. அப்பம் நான் குனிஞ்சு நின்னுதானா மீன் விக்கது?"

டாக்டர் கேட்ட கேள்வி

டாக்டருக்குப் பூதப்பாண்டியில் வயல் உண்டு. எதைச் சொன்னாலும் வயலில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். அக்காவைப் படுக்கவைத்து ஒரு தடவை, எழுப்பி நிறுத்தி ஒரு தடவை பார்க்கச் சொன்னார். நின்றதும் நாற்பது இறங்கியது. "தலைதான் கடைமடை, தண்ணி கடைசியா எட்டுற வயல். எந்திரிச்சா ரத்தம் காலுக்கு இறங்கும். கழுத்துக் குழாயில ஒரு காவல் இருக்கு. அது உடனே நெஞ்சை முடுக்கி, காலுக்குப் போற குழாயை இறுக்கி, மேல அனுப்பும். ஆனா கால்வாயில தண்ணியே இல்லைன்னா காவல்காரன் என்ன செய்வான்?" என்றவர், திடீரென்று நிறுத்திக் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

அக்கா முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாராம். அப்புறம் காலையில் அந்தக் கட்டஞ்சாயா மட்டும்தான். நாங்கள் கொடுத்ததோ உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. சந்தையில் இருக்கும்போது சிறுநீர் முட்டும் என்று பயந்தே அக்கா தண்ணீரை விட்டிருக்கிறார். இதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அவர் தலைகுனிந்து, டாக்டர் காதில் விழாமல் என்னிடம் சொன்னார்: "குடிச்சா எங்க போக சிஸ்டரே? சந்தையில பொம்பளையளுக்கு ஒரு மறைப்பு உண்டுமா? பஸ் ஸ்டாண்டு வரை போயிட்டு வந்தா சருவத்துல பூனைதான் இருக்கும்."

எதிர்ச் சந்தை நோயாளிகள்

டாக்டர் மாத்திரையை மாற்றினார், தண்ணீர் குடித்தே ஆகணும் என்றார், எழுந்திருக்குமுன் காலை நீட்டி மடக்கி, சருவம் இல்லாமல் பைய எழுந்து நிற்கணும், அப்புறம்தான் பாரம் ஏற்றணும் என்றார். மற்றதை நான் சொன்னேன்: ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பெண்கள் கழிப்பறை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம், பக்கத்துக்காரி மீனைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் உட்கார்ந்தும் நின்றும் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தது. அன்று நான் வெளியே வந்தபோது கழிப்பறைப் பக்கம் பின்வாசலில் ஏழெட்டு மீன்காரப் பெண்கள் வரிசையில் நிற்க, வாசல் காவலுக்கு இருக்கும் பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார்: "சிஸ்டர், சந்தையில மொத்தப் பேருக்கும் பிரஷராம். டாக்டரைப் பார்க்க வேண்டாமாம், பின்வாசல் மட்டும் போதுமாம். டோக்கன் போடட்டா?"

இத்தனை வருஷம் கைகளில் பட்டை சுற்றியதில் நான் தெரிந்துகொண்டது, நிற்கிறவர் தலைக்கு ரத்தம் ஏற்றுகிற பெரிய வேலையை உடம்பு யாரிடமும் கேட்காமல் தானே பார்த்துக்கொள்ளும், ஒரு கதவும் தாழ்ப்பாளும்தான் நாம் போட்டுக் கொடுக்கணும்.