அக்காவின் முதலிடம்

என் அக்கா வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று அம்மாவுக்குப் புரியவைக்க நாங்கள் எடுத்த முயற்சி எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான். "கடைக்குப் போர்டு எழுதுற மாதிரியா?" என்பாள். "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா" என்போம். "அப்ப சட்டையில ஒரு நாளாவது பெயின்ட் பட்டிருக்கணுமே" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் துணி மடிக்கப் போய்விடுவாள்.

வேலை இவ்வளவுதான். யாரோ ஒருவர் போனை எடுத்து, ஜன்னல் கண்ணாடி மாற்ற ஆள் வேண்டும் என்று தேடுகிறார். வரிசையாகக் கடைகள் வருகின்றன. முதல் பக்கத்தில் தெரிகிற கடைக்குத்தான் வாழ்வு. இரண்டாம் பக்கத்துக்குப் போகிற பொறுமை மனிதர்களுக்கு இல்லை. மூன்றாம் பக்கத்தில் இருப்பவர் கிணற்றுக்குள் கடை திறந்தவர். அப்படிக் கிணற்றில் கிடக்கும் இணையதளங்களை மேலே இழுத்து முதல் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் மாமாவின் தொழில்.

டயர் கடைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். நான் ஒருமுறை சாவி வாங்கப் போயிருந்தேன். மற்றவர்கள் எல்லாம் தட்டச்சுப் பலகையைப் போட்டு அடி அடி என்று அடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மூலை மேசையில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள். "கண்மூடி வேலை செஞ்சிட்டிருக்காரு. கூப்பிடாதீங்க, பாதியில வந்துடுவாரு." கண்மூடி என்பது அங்கே அவருக்கு வைத்த பெயர்.

அவர் போகிற இடம் தேடுகிறவரின் வீடு. அந்த ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார், கையில் என்ன இருக்கிறது, பக்கத்து அறையில் யார் அழுகிறார்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இடம் மாற்றித் தரும் ஒரு கம்பெனிக்கு இப்படித்தான் ஒரு பக்கம் எழுதினார். "வீடு மாத்தறவன் உக்காந்து நிதானமா கம்பெனி தேட மாட்டான்" என்று சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். "சுத்தியும் அட்டைப் பெட்டி. கையில ஒரு கண்ணாடி டம்ளர். இதை எப்படி உடையாம கட்டுறதுன்னுதான் அவன் தேடுவான்." கண்ணாடிப் பாத்திரங்களைக் கட்டுவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதினார். அந்தக் கம்பெனி முதல் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

பகல் கனவு காண்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். மூக்குக் கண்ணாடி விற்கிற கடை. அங்கே ஒரு நிமிடம் கண்ணை மூடினால் முதலாளி தொண்டையைச் செருமுவார்.

கனவில் இருக்கிறவரோடு குடித்தனம் நடத்துவது லேசு இல்லை. தோசை கருகினாலும் தெரியாது, கதவைத் திறந்து போட்டுவிட்டு மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பார். அக்கா அவர் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி உள்ளே அனுப்புவாள். தண்ணீரில் மிதக்கிற ஆளைக் கரைக்குத் தள்ளுவது அவளுக்குப் பழக்கம். பொது நீச்சல் குளத்தில், உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்து காவல் காக்கும் வேலை அவளுக்கு.

அந்த நாற்காலியிலிருந்து அவள் பார்த்தது குழந்தைகளை மட்டும் இல்லை. கரையில் பையோடு உட்கார்ந்து, காலைக்கூட நனைக்காமல், எனக்கு இதில் ஆசையே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களையும்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு தவிப்பு. பல வருடம் மனசில் வைத்திருந்து, ஒருநாள் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஒரு பழைய ஹோட்டலின் பின்பக்கம் இருந்த சின்னக் குளத்தில் காலை நேரம் கிடைத்தது. ஹோட்டல் மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோடை முடிவதற்குள் வகுப்பு நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரம் உடற்பயிற்சிக் குழு ஒன்றுக்குப் போய்விடும்.

இணையதளத்தை மாமாதான் செய்தார். வேறு யார் செய்வார்கள்? முகப்பில் அக்காவின் படம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையில் இருக்கும் யாரையோ வா என்பது போல இரண்டு கைகளையும் நீட்டியிருப்பாள். படம் எடுத்தவரும் அவரே என்பதால் அந்தக் கைகள் அவரை நோக்கித்தான் நீண்டிருந்தன.

தினமும் காலையில் டீயோடு லேப்டாப்பைத் திறப்பார். 'பெரியவர்களுக்கு நீச்சல் வகுப்பு' என்று தேடுவார். முதலில் அவளை எங்கோ பின்னால் கண்டுபிடித்தார். சில நாளில் இரண்டாம் பக்கம். பிறகு முதல் பக்கத்தின் அடி. ஒருநாள் காலை உச்சியில் இருந்தாள். தினமும் அதைத் தட்டி உள்ளே போய், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே டீ ஆறும்வரை உட்கார்ந்திருப்பாராம். "நீ முதல்ல இருக்கே" என்று அக்காவிடம் சொன்னார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கே போன் செய்து, "நான்தான் முதல்ல வர்றேனாம்டி" என்று ரகசியம் போலச் சொன்னாள்.

முதலில் வந்தாள், சரி. ஆள் வரவில்லை. கோடை பாதி போனது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எப்போதாவது வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரும் முழங்கால் வலி என்று நின்றுவிட்டார். மாமா ஒவ்வொரு காலையும், "இன்னைக்கும் நீதான் முதல்ல" என்பார். அந்த வார்த்தை அவளை எப்படி அறுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை. ஒருநாள் குளத்தின் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தவள் என்னிடம் சொன்னாள். "எல்லாரும் என்னைத்தான் முதல்ல பார்க்கறாங்க. பார்த்துட்டு, இவ வேண்டாம்னு அடுத்த ஆளுக்குப் போறாங்க. என் மூஞ்சியில என்னமோ இருக்கு போல."

வேலையை விட்டது, குளம் கைவிட்டுப் போவது எல்லாம் வேறு. ஊரே பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டது என்று ஒரு மனுஷி நம்பிவிட்டால், அவள் எப்படித் தண்ணீரில் கையை நீட்டுவாள்?

அடுத்த வாரம் எங்கள் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். கண்ணாடிச் சட்டகம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே, டாக்டர் நீந்தச் சொல்லியிருக்கிறார், இந்த வயதில் எங்கே போவது என்று புலம்பினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க அக்காவே சொல்லித் தர்றாங்க. உங்க போன்ல தேடுங்க, முதல்ல வருவாங்க" என்றேன். அந்த அம்மாள் தேடினார். போனை என்னிடம் நீட்டினார். அக்கா முதலில் இல்லை. அந்தப் பக்கத்திலேயே இல்லை. நான் திரையைத் தள்ளிக்கொண்டே போனேன். குழந்தைகள் நீச்சல் வந்தது, நீச்சல் உடை வந்தது, மீன் தொட்டி சுத்தம் செய்பவர்கூட வந்தார். அந்த அம்மாள் பொறுமையிழந்து, "சரி விடும்மா, நீ கண்ணாடியைக் காட்டு" என்றார். என் போனில் தேடினேன். கூட வேலை செய்பவளின் போனில் தேடினேன். எதிலும் அக்கா இல்லை.

முதலாளி தொண்டையைச் செருமச் செருமப் பின்பக்கம் போய் மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, அக்கா எங்க முதல்ல வர்றா?"

"ஏன், காலையிலகூடப் பார்த்தேனே."

"எதுல பார்த்தீங்க?"

"வீட்டு லேப்டாப்ல."

"வேற எதுலயாவது?"

கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டுவது போனில் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

விஷயம் இது. ஒரே ஆள் ஒரே பக்கத்தைத் தினமும் தேடித் தினமும் திறந்தால், இவருக்கு இதுதான் பிடிக்கும்போல என்று தேடல் இயந்திரம் கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை அவருக்கு மட்டும் அதை மேலே எடுத்து வைக்கும். புதிதாக வரும் வாடிக்கையாளர்களிடம் மாமா சொல்லும் முதல் பாடமே இதுதானாம். உங்கள் கடையை உங்கள் போனில் தேடிப் பார்த்து மகிழ்ந்துபோகாதீர்கள். மற்றவர் கண்ணுக்கு எங்கே தெரிகிறது என்று பார்க்க அவர் அலுவலகத்தில் தனிக் கருவியே இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம். வேறொருவர் இந்தத் தவறைச் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். ஆனால் இந்த மனிதர் தினமும் டீ ஆற ஆறப் பெண்டாட்டி படத்தைப் பார்த்து, பார்த்து, பாவம் அந்த இயந்திரத்தையே நம்ப வைத்துவிட்டார். எப்படித் திட்டுவது?

"நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் நானும் போனேன், அவர் பாதியில் கனவுக்குள் ஓடிவிடக் கூடாதே என்று.

அக்கா குளத்து வாசலில் மிதவைப் பலகைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜரிடம் அன்று காலையிலேயே சொல்லிவிட்டாளாம், இந்த வாரத்தோடு போய்விடுகிறேன் என்று. மாமா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. "உன் பக்கத்தை ஆபீஸ் கருவியில போட்டுப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. தினமும் கண்ணு முன்னாடியே இருந்தே" என்றார்.

அக்கா கயிற்றை விட்டாள். நான் இடி விழும் என்று காத்திருந்தேன்.

"அப்ப யாரும் என்னைப் பார்க்கவே இல்லையா?"

"இல்ல."

"பார்த்துட்டு வேண்டாம்னு போகலையா?"

"யாருமே பார்க்கலம்மா. நான் ஒருத்தன்தான் பார்த்தேன்."

அக்கா அழுதாள். நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருந்த காலத்திலும் அவள் இவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே முதுகு நிமிர்ந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் காலை நேரத்தை உடற்பயிற்சிக் குழுவுக்குக் கொடுத்தாகிவிட்டது. "அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இருக்கு, அதை எவனும் கேக்க மாட்டான்" என்றார். "விடிஞ்சும் விடியாமலும். தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு ஈ காக்கா இருக்காது." அக்கா அதையே வாங்கிக்கொண்டாள்.

யாருக்கும் வேண்டாத அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குக் கவலை. மாமா வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறக்காமல் அக்காவை எதிரில் உட்கார வைத்தார். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு வேலை செய்தார்.

"கரையில உக்காந்திருப்பாங்கன்னு சொல்வியே, அவங்க என்ன தேடுவாங்க? நீ பார்த்திருக்கே, சொல்லு."

அக்கா யோசித்தாள். "தேடறதுக்கு முன்னாடி சுத்தி ஒரு தடவை பார்ப்பாங்க, யாராவது கவனிக்கறாங்களான்னு. புள்ளைங்க சிரிக்குமேன்னுதான் பாதிப் பயம். தண்ணிப் பயம் மீதிப் பாதிதான்."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கனவில் இருப்பது போலத்தான் இருந்தார், ஆனால் இந்தத் தடவை இருவரும் ஒரே கனவில் இருந்தார்கள். பிறகு பழைய தலைப்பை அழித்துவிட்டு, யாரும் பார்க்காமல் நீச்சல் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதினார். விடியும் நேரம், குளிர்ந்த தண்ணீர், சுற்றி ஒருவரும் இருக்க மாட்டார்கள், எந்த வயதானாலும் சரி. உள்ளதை உள்ளபடி எழுதினார். எல்லோர் கண்ணிலும் படவைப்பதுதான் அவர் பிழைப்பு. அவர் எழுதியதிலேயே நல்ல பக்கம், யார் கண்ணிலும் படாத ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

அது மேலே ஏறச் சில வாரங்கள் பிடித்தன. இந்த முறை என் போனிலும், கடையில் எல்லோர் போனிலும், முதலாளி போனிலும் நானே பார்த்தேன்.

முதலில் வந்தவர் பேருந்து ஓட்டுநர். ஆள் கதவளவு இருந்தார். நான் துண்டுகள் எடுத்து வைக்க உதவிக்கு வந்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. தண்ணீர் மேல் மெல்லிய ஆவி நின்றது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். அவர் வாசலிலேயே நின்று, காலி நாற்காலிகளை, மூடிய ஜன்னல்களை எல்லாம் ஒருமுறை நோட்டம் விட்டார்.

"இங்க யாரும் பார்க்க மாட்டாங்கன்னு போட்டிருந்துச்சு" என்றார்.

"நான் பார்ப்பேன்" என்றாள் அக்கா. "நான் மட்டும். பரவாயில்லையா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.