மாவுக்கட்டுக்கு அடியில் போட்ட துணி

மாவுக்கட்டைப் பிரிக்கிற நாளில் திருப்பூர் ஆஸ்பத்திரியில் ஒரே கூச்சலாக இருக்கும். கையிலுள்ள ரோமமெல்லாம் கட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். தோல் புண்ணாகிக் கிடக்கும். அறுபதுகளின் நடுவில் அந்தக் கூச்சல் அடங்கியதற்குக் காரணம் ஈஸ்வரமூர்த்தி. அந்த ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி பின்னும் மெஷினை ஓட்டியவர். ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, மெட்ராஸிலிருந்து வந்த தையலில்லாத துணிக்குழாய் ஒன்றைக் காட்டினார். "இதைக் கையில மாட்டி மேல மாவு போட்டா தோலுக்கு ஒண்ணும் ஆகாது. கேட்டா அனுப்ப மாட்டேங்கறாங்க. உங்களால முடியுமா?"

முடியுமாவா! கம்பெனி ஷெட் மூலையில் தூசி படிந்து கிடந்த சின்ன மெஷினைத் தட்டி எழுப்பிப் பின்னியே கொடுத்துவிட்டார். பனியன் துணிக்கு ஒரு குணம் உண்டு. மெஷினை விட்டு இறங்கியதை அலசாமல் அப்படியே விட்டால், ஈரம் பட்டதும் சுருங்கி இறுகும். அதனால் துணியை வேகவைத்து, அலசி, காயப்போட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார். "இவர் செஞ்சு குடுத்ததுதான்" என்று டாக்டர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லச் சொல்ல, மனிதரின் நடையே மாறிப்போனது. கட்டுப் போடும்போது போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வார். யார் கூப்பிட்டார்கள்? ஒருவரும் கூப்பிடவில்லை.

அதே கம்பெனியில் பனியன் மடிக்கிறவள் மருதம்மாள். அடைமழையில் வழுக்கி விழுந்து முழங்கைக்குப் பக்கத்தில் எலும்பை முறித்துக்கொண்டாள். ஈஸ்வரமூர்த்திதான் குதிரைவண்டி பிடித்துக் கூட்டிப்போனார். அன்றைக்கென்று ஆஸ்பத்திரியில் துணி தீர்ந்திருந்தது. "பரவால்ல, பஞ்சை வச்சே கட்டிறலாம்" என்றார் டாக்டர்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எதுக்குங்க, இப்பவே கொண்டாறனுங்க" என்று ஓடி, மெஷினில் தொங்கியதை அப்படியே வெட்டி எடுத்து வந்தார். மழையில் எங்கே அலசிக் காயப்போடுவது? இந்த ஒரு தடவைதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஈர மாவு அந்தத் துணிமேல் ஏறியது.

மறுநாள் அவள் விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. டாக்டர் பதறிக் கட்டை வெட்டிப் பிளந்தார். முழங்கை மடிப்பில் துணி கயிறு மாதிரி சதையைக் கவ்விக்கொண்டிருந்தது. கை பிழைத்தது, ஆனால் இரண்டு விரல்கள் மடங்கியவை மடங்கியவைதான். "வீக்கம் ஜாஸ்தியாயிருச்சு. சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர். ஈஸ்வரமூர்த்தி தலையை ஆட்டினார். பாவி மனுஷன், அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா!

மடிக்கிற வேலை போய், மருதம்மாள் கழிவு நூல் பொறுக்கப் போனாள். வழியில் பார்த்தால் பழையபடியே, "ஏனுங்ணா, சாப்டீங்ளா?" என்பாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சோறாவது இறங்கியிருக்கும். கடைசியில் பொறுக்கமாட்டாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போய்விட்டார்.

"அம்முணி, அது அலசாத துணி. உன்ற கையைக் கெடுத்தது நாந்தான்."

மருதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியுமுங்ணா."

"தெரியுமா?"

"வருசக்கணக்கா துணி மடிச்சவளுங்க. மாட்டறப்பவே தொட்டதும் தெரிஞ்சுபோச்சுங்க."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தாயி!"

"டாக்டரு முன்னால நீங்க அத்தனை பெருமையா நின்னுட்டிருந்தீங்க. உங்க மொகம் வாடிப் போயிருமேன்னு சும்மா இருந்துட்டனுங்க. இத்தனை தூரம் ஆகுமுன்னு யாரு கண்டாங்க?"

அவசரப்பட்டதுதான் தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர் அவர். கூப்பிடாமல் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாரே, அந்த நிற்பு அவள் வாயையும் அடைத்திருக்கிறது. "உக்காருங்ணா, காப்பி வெக்கறேன்" என்று அவள் எழுந்தாள். அவளுக்கு எதிரில் உட்கார முடியாமல் அவர் நின்றுகொண்டே அழுதார்.